நீல மூலைக்கு ஒரு ஜெயம்

சண்டைக்கு ஜோடி போடுவது என் தொழில். வெளியாள் யாரிடமாவது இதைச் சொன்னால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். கல்யாணத் தரகர் என்று சொன்னாலாவது ஒரு காபி கிடைக்கும். எந்தக் குத்துச்சண்டைக்காரன் எவனோடு மோத வேண்டும் என்று முடிவு செய்வது என் வேலை. பெயர் ஃபிலோமினா. ராயபுரத்தில் ஃபிலோ அக்கா என்று கேட்டால் மீன் விற்கிறவர்கூட வழி சொல்வார்.

ஒரு காலத்தில் இதைக் கண்ணால் பார்த்துச் செய்தோம். இவனுக்கு இடது கை வேகம், அவனுக்கு மூச்சு குறைவு, இரண்டையும் சேர்த்தால் ஆறு ரவுண்டு கூட்டம் உட்கார்ந்திருக்கும் என்று மனசில் கணக்குப் போடுவோம். தப்பினால் கூட்டம் நாற்காலியைத் தூக்கி எறியும். அப்புறம் சமர் என்கிற டிவி சேனல்காரர்கள் வந்தார்கள். தொண்டையார்பேட்டையில் ஏசி அரங்கம் கட்டினார்கள். கூடவே ஒரு இயந்திரத்தையும் கொண்டுவந்தார்கள்.

இப்போது ஒவ்வொரு குத்துச்சண்டைக்காரனும் வாயில் கடிக்கிற கம்ஷீல்டுக்குள் கேழ்வரகு அளவுக்கு ஒரு சில்லு இருக்கிறது. எத்தனை அடி வாங்கினான், தலை எவ்வளவு ஆடியது, எந்த நிமிடத்தில் மூச்சு இறங்கியது, எல்லாம் இயந்திரத்துக்குப் போய்விடும். இரண்டு பெயரைக் கொடுத்தால் போதும். அது தன் வயிற்றுக்குள்ளேயே அந்தச் சண்டையை ஆயிரக்கணக்கான தடவை நடத்திப் பார்த்துவிட்டு, யார் ஜெயிப்பான், எந்த ரவுண்டில் விழுவான், வீட்டில் பார்க்கிறவர்கள் எப்போது சேனலை மாற்றுவார்கள் என்று சொல்லி நூற்றுக்கு ஒரு மார்க் போடும். எழுபது வந்தால் டிவியில் வரும். வராவிட்டால் அந்தச் சண்டையே கிடையாது. அதற்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் வைத்திருக்கிறார்கள். பொருத்தம் பார்த்துச் சொல்கிறதே என்று எங்கள் ஜிம்மில் எல்லோரும் ஜோசியர் என்போம்.

இதில் மோசடி எதுவும் கிடையாது. யாரும் யாரையும் தோற்கச் சொல்வதில்லை. தோற்கிற ஆளாகப் பார்த்துக் கூப்பிடுகிறோம், அவ்வளவுதான். சேனல் யாரை நட்சத்திரமாக வளர்க்கிறதோ அவன் சிவப்பு மூலையில் நிற்பான். அவனை நாங்கள் மாப்பிள்ளை என்போம். அவனுக்கு எதிரே நீல மூலையில் நிற்கிறவன் பெண் வீட்டுக்காரன். செலவும் அவனுக்கு, தலைகுனிவும் அவனுக்கு.

கஸ்பார் மூன்று வருடமாகப் பெண் வீட்டுக்காரனாகவே இருந்தான்.

காசிமேட்டுப் பையன். பையன் என்ன, முப்பத்து நாலு வயது, பள்ளிக்கூடம் போகிற மகள் இருக்கிறாள். கஸ்பார் அழகாகத் தோற்பான். விழவே மாட்டான். கடைசி ரவுண்டு வரை நின்று, மாப்பிள்ளைக்கு நன்றாக வேர்க்க வைத்துவிட்டு, பாயின்ட்டில் தோற்றுவிட்டு, அவன் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு இறங்குவான். கஸ்பார் பெயரைப் போட்டால் போதும், ஜோசியர் எண்பதுக்குக் குறையாமல் மார்க் போடுவார். ஜனங்கள் சேனலை மாற்றுவதே இல்லையாம். பாவிகள்.

ஒரு நாள் காலை அவன் மனைவி ரெஜினா என் அறைக்கு வந்தாள். மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் பேக்கிங் செக்ஷனில் வேலை. தலையில் மாட்டுகிற பிளாஸ்டிக் தொப்பியைக்கூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, போன வாரம் பாப்பாவ இஸ்கூல்லேர்ந்து கூட்டியாரப் போனாரு. ரொம்ப நேரம் ஆளக் காணோம். போன் போட்டா, 'இங்கதான் நிக்கிறேன், இன்னும் பெல்லு அடிக்கலியே'ன்றாரு. எங்க நின்னாரு தெரியுமா? அவரு சின்ன வயசுல படிச்ச இஸ்கூலாண்ட."

இந்தத் தொழிலில் இந்தக் கதையின் அடுத்த பக்கம் எல்லோருக்கும் தெரியும்.

"டாக்டரு இன்னா சொன்னாரு?"

"சேனலோட மெடிக்கல் போர்டு டாக்டரு நல்லாத்தான் கீறாருன்றாரு. நான் வெளிய இட்டுனு போய்க் காட்டுனேன். இதோட நிறுத்துனா தப்பிச்சிக்குவாரு, இன்னும் நாலு சண்ட போட்டா சட்ட பட்டன் போட நீதான் வரணும்னாரு."

"நிறுத்தச் சொல்லேண்டி."

"சொல்லாத நாளே இல்லக்கா. ஒரு தபா, ஒரே ஒரு தபா ஜெயிச்சு, பாப்பா பாக்கக் கைய தூக்கிட்டு வந்துடறேன்றாரு. அதோட வுட்டுடறாராம். அந்தோணியார் மேல சத்தியம் பண்ணிக்கீறாரு." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கை ஐஸாகச் சில்லிட்டிருந்தது. "ஒரு ஜெயம் குடுங்கக்கா. ஜெயிக்கிற மாதிரி யாரையாச்சும் பாத்துப் போடுங்க. உங்களால ஆவும்."

ஆகும்தான். ஆனால் ஆகாது. கஸ்பார் ஜெயிக்கிற ஜோடியை எழுதினால் ஜோசியர் ஐம்பதுக்கு மேல் தரமாட்டார். வயதானவன் ஜெயிப்பதை யாரும் பார்க்கமாட்டார்களாம்.

அன்று மத்தியானமே புரமோட்டர் தணிகாசலத்திடம் போனேன். சண்டை நடத்துகிற லைசன்ஸ் அவர் பெயரில்தான். ஆனால் சேனல் எடுக்காத சண்டையை நடத்த அவருக்கே தெம்பு கிடையாது. டேபிளில் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, சாப்பிட மனசில்லாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கஸ்பார ஒரு தபா சிவப்பு மூலையில நிக்க வெக்கலாமாண்ணே?"

"இன்னா ஃபிலோ, வெயில்ல வந்தியா? அவன் ஜெயிச்சா எவனுக்கு இன்னா பிரயோஜனம்? அடுத்த தபா மாப்ளைக்கு எதிரா யார நிக்க வெப்ப? உன்னையா?"

"சிவப்பு வாணாம். நீலத்துலயே நிக்கட்டும். ஜெயிக்கட்டும். அப்பால அவன் வெளிய போயிடுவான்."

தணிகாசலம் பொட்டலத்தை மடித்து ஓரமாக வைத்தார். அவரும் ஒரு காலத்தில் கையில் துணி சுற்றிக்கொண்டு ஏறியவர்தான். மூக்கு இன்னும் ஒரு பக்கமாகத்தான் இருக்கிறது.

"முன்னாடியெல்லாம் நான் சொன்னா நடக்கும். இப்போ என் தலையெழுத்தையே அந்த ஜோசியன்தான் எழுதறான். அவன் ஓகே சொன்னா எனக்கு இன்னா வலிக்குதா? கொண்டா, கையெழுத்துப் போடறேன்."

சரி, முன்பு இரண்டு தடவை செய்ததுபோல ஜோசியரை ஏமாற்றுவது என்று முடிவு செய்தேன்.

விசாகப்பட்டினத்தில் அப்பலராஜு என்று ஒருவன் வளர்ந்துகொண்டிருந்தான். முகத்தில் எவ்வளவு அடித்தாலும் தாங்குவான். ஆனால் வலது விலாவில் பழைய அடி ஒன்று இருந்தது. அங்கே யாராவது குத்தினால் வலி தாங்காமல் ஒரு கணம் முழங்கையை இறக்குவான். கம்ஷீல்டு சில்லுக்கு விலா தெரியாது, எனக்குத் தெரியும். கஸ்பாரோ வயிற்றிலும் விலாவிலும் குத்துவதில் பழைய கை. அதை மறந்து வருடக்கணக்காகிவிட்டது, மாப்பிள்ளைகளின் வயிற்றில் குத்தினால் டிவியில் பார்க்க நன்றாக இருக்காது என்பார்கள்.

கஸ்பாரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"பசங்களோட ஸ்பாரிங் பண்றப்ப வாயில கம்ஷீல்டு இருக்கட்டும். சோம்பேறியா ஆடு. அடி வாங்காத, ஆனா மூச்சு வாங்கு. எல்லாரும் போனப்புறம் அத்தக் கழட்டி டப்பால வெச்சிட்டு, மணல் மூட்டைய விலாவா நெனச்சிக் குத்து. ஜோசியருக்கு நீ வீட்ல தூங்கறன்னு தோணணும்."

அவன் சின்னப் பையன்போலச் சிரித்தான். "அவன் ஜாதகம் பாக்கறப்ப நான் பொறந்த நேரத்தையே மாத்திச் சொல்லச் சொல்ற. செம ஆளுக்கா நீ."

"சிரிக்காத. ஜெயிச்சதும் விடணும். ரெஜினா என்கிட்ட வந்து அழுதுட்டுப் போனா."

"விட்டுடறேன்க்கா. என் பாப்பா மேல ஆணையா. எனக்கு மட்டும் ஆசையா? காலைல எந்திரிச்சா பல்லு வெளக்குனனா இல்லியான்னு பிரஷ்ஷத் தொட்டுப் பாத்துத்தான் தெரிஞ்சிக்கிறேன். ஒரு தபா கைய தூக்கணும். அவ்ளோதான்."

மூன்று வாரம் அப்படியே செய்தான். சாயந்திரம் ஜிம் காலியானதும் நானே ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நாற்காலி போட்டு உட்காருவேன். மூட்டையில் அவன் குத்துகிற சத்தம் கேட்கக் கேட்க எனக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு உடம்பில் ஒரு சுறுசுறுப்பு வந்தது. நான் செய்த ஜோடியை நானே நம்பி எவ்வளவு காலமாகிறது.

பெயர்களைப் பதிவு செய்தேன். கஸ்பார், நீலம். அப்பலராஜு, சிவப்பு. ஜோசியர் கொஞ்சம் யோசித்தார். எழுபத்தொன்று. நான் மேசையில் ஓங்கித் தட்டியதில் பக்கத்து அறையிலிருந்து தணிகாசலம் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மே, பூகம்பமா?" என்றார். எழுபத்தொன்று என்று காட்டினேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டே கையெழுத்துப் போட்டார்.

சண்டை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ரெஜினா மகளோடு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தாள், கண்ணை மட்டும் மூடவில்லை.

முதல் நாலு ரவுண்டு கஸ்பார் வழக்கம்போலத் தோற்றான். டிவியில் பேசுகிறவர்கள்கூட வழக்கமான வார்த்தைகளையே சொன்னார்கள்: அனுபவம், மன உறுதி, இளமையின் வேகம். ஐந்தாவதில் விலாவில் முதல் குத்து விழுந்தது. அப்பலராஜுவின் முழங்கை இறங்கியது. அவன் முகத்தில் வந்த குழப்பத்தைப் பார்த்து எனக்கே பரிதாபமாக இருந்தது, அவனும் யாரோ பெற்ற பிள்ளைதானே. ஆறாவது ரவுண்டில் கஸ்பார் குனிந்தான், அதே இடத்தில் இரண்டு விட்டான். அப்பலராஜு அடிபட்டதுபோலவே தெரியவில்லை. ஏதோ தேடுகிறவன்போல மெதுவாக முட்டி போட்டான். எழுந்திருக்கவில்லை.

ரெஃபரி கஸ்பாரின் கையைத் தூக்கினார். நான் இத்தனை வருடத்தில் எத்தனையோ கைகள் தூக்கப்படுவதைப் பார்த்திருக்கிறேன். இப்படி அழுதது கிடையாது. ரெஜினா மேடைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "முடிஞ்சிது, முடிஞ்சிது" என்று அந்தோணியாருக்கா கஸ்பாருக்கா தெரியவில்லை, சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளையும் கட்டிப்பிடித்தேன், ஊரில் போகிறவர்களையெல்லாம் கட்டிப்பிடித்தேன்.

மறுநாள் காலை சேனலிலிருந்து கூப்பிட்டார்கள். கிண்டியில் பெரிய கண்ணாடிக் கட்டடம். நிகழ்ச்சிப் பொறுப்பாளர் வித்யாசங்கர். சின்ன வயது, மரியாதையான ஆள், மேடம் என்றுதான் கூப்பிடுவார். வீட்டில் கைக்குழந்தை, கண்ணைச் சுற்றிக் கருவளையம். திட்டத்தான் கூப்பிட்டிருக்கிறார் என்று நினைத்து, நானும் திருப்பித் திட்ட வேண்டியதையெல்லாம் ஆட்டோவிலேயே யோசித்துக்கொண்டு போயிருந்தேன்.

"ரொம்ப நல்ல ஜோடி மேடம். கரெக்டான நேரத்துல கொண்டுவந்தீங்க. தேங்க்ஸ்," என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"கஸ்பார் ஜெயிப்பான்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

"நூத்துக்கு எண்பது சான்ஸ்னு தெரியும்."

"கம்ஷீல்டு இல்லாமல்ல பயிற்சி பண்ணான்? எப்படித் தெரியும்?"

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "தினம் சாயந்திரம் ஒருத்தர் கம்ஷீல்ட கழட்டி டப்பாவுல வெச்சா, அவர் டப்பாவுல இல்லன்னு அதுக்குத் தெரியும் மேடம். அதுவும் மூணு வாரமா ஒரே நேரத்துல. மிச்சத்தை அது ஊகிச்சுக்கும்."

"அப்போ எழுபத்தொண்ணு?"

"நிஜ மார்க் நாப்பத்தாறு. பாஸ் ஆகுற மாதிரி நாங்கதான் காட்டச் சொல்வோம். வருஷத்துல சில தடவை செய்வோம்."

"ஏன்?"

எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். மனிதர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் பொய் சொல்லியிருப்பார்.

"மாப்பிள்ளையா வர ஆயிரம் பசங்க இருக்காங்க மேடம். நல்லா தோக்கிறவங்க கிடைக்கிறதுதான் கஷ்டம். விழாம, கோபப்படாம, கடைசி வரைக்கும் நின்னு தோக்கணும். அப்படிப்பட்டவர் தொடர்ந்து தோத்துக்கிட்டே இருந்தா ஒரு நாள் வெறுத்துப்போய் நிறுத்திடுவார். நிறுத்தறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு ஜெயம் கிடைச்சா, அதுக்கப்புறம் அஞ்சாறு சண்டை போடறார். எல்லாரும் அப்படித்தான்."

"கஸ்பார் நிறுத்திடுவான். சத்தியம் பண்ணிக்கீறான்."

"எல்லாரும் பண்ணுவாங்க மேடம்."

முன்பு நான் ஜோசியரை ஏய்த்துவிட்டதாக நினைத்த இரண்டு சண்டைகளும் ஞாபகத்துக்கு வந்தன. இரண்டு பேரும் ஜெயித்த பிறகு விடவில்லை. பேராசைக்காரர்கள் என்று நான் அவர்களைத் திட்டியிருக்கிறேன்.

"அந்த ஜோடியை நாங்களே எழுதலாம்," என்றார் வித்யாசங்கர். "ஆனா மேலேர்ந்து ஜெயம் வந்தா சண்டைக்காரருக்குச் சந்தேகம் வந்துடும். உங்ககிட்டேர்ந்து வந்தா நம்புவார். எப்போ யாருக்கு நீங்க இரக்கப்படுவீங்கன்னு ரெண்டு வருஷமா அது பாத்துட்டிருக்கு. அது தப்பா சொல்றதே இல்ல."

குத்துச்சண்டைக்காரர்களைத்தான் அளக்கிறது என்று நாங்கள் அத்தனை பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம். டப்பாவில் வைத்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைத்தோம். முட்டாள் ஜென்மங்கள். நான் என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

"அவன் தலை?" என்றேன். "பொண்ணு படிக்கிற இஸ்கூல் எதுன்னு அவனுக்கு ஞாபகம் இல்ல சார். அதுக்கு உங்க மெஷின் எவ்ளோ மார்க் போடுது?"

"மெடிக்கல் போர்டு பாஸ் பண்ணியிருக்காங்க மேடம்." இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

"நான் இந்த வேலைய விட்டுடறேன். கஸ்பார்கிட்டயும் சொல்லப்போறேன்."

"சொல்லுங்க," என்றார். சண்டைக்கு நிற்கிற குரல் இல்லை அது. குழந்தை தூங்கவிடாத ஒருவரின் குரல். "காபி சாப்பிட்டுட்டுப் போங்க மேடம்."

சாப்பிடாமல் வந்தேன். வழியெல்லாம் ராஜினாமாவை மனசில் எழுதிக்கொண்டே வந்தேன். இரண்டே வரி போதும் என்று தோன்றியது.

என் அறை வாசலில் கஸ்பார் உட்கார்ந்திருந்தான். இடது கண் வீங்கி மூடியிருந்தது, மிச்ச முகம் முழுக்கச் சிரிப்பு. கையில் பால்கோவா. எழுந்து என் காலைத் தொடப் போனான். அடிப்பேன் என்றேன்.

"ரெஜினா என் சண்ட லைசன்ஸ் அட்டையத் திருப்பிக் குடுத்துட்டு வரச் சொல்லி அனுப்பிக்கீறா," என்றான். சட்டைப்பையைத் தொட்டான், அட்டையை எடுக்கவில்லை. "அக்கா, அடுத்து யாரு?"

அவனை உள்ளே கூப்பிட்டேன். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தேன். எதையும் மறைக்காமல் சொன்னேன். டப்பாவைப் பற்றி, எழுபத்தொன்றைப் பற்றி, அந்த ஜெயம் யார் கொடுத்தது என்பதைப் பற்றி. அஞ்சாறு சண்டை என்று அவர்கள் கணக்குப் போட்டிருப்பதைச் சொன்னேன். புரிந்துகொள்ளட்டும் என்று மெதுவாக, இரண்டு தடவை சொன்னேன்.

அவன் கவனமாகக் கேட்டான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன், ஆசைப்பட்டேன் என்றே சொல்ல வேண்டும்.

"அப்பலராஜு காசு வாங்கிக்கினு விழுந்தானா?"

"சேச்சே. அதெல்லாம் இல்ல."

"விலாவுல அடிச்சது யாரு?"

"நீதான்."

"ரெண்டு குத்து. ஒண்ணு இல்ல, ரெண்டு. அடிச்சது நான்தானேக்கா?"

"நீதாண்டா."

"அப்பறம் இன்னா?" கஸ்பார் பால்கோவாவைப் பிரித்து என் பக்கம் நகர்த்தினான். "அவனுங்க இன்னா வேணா எழுதிக்கட்டும். எனக்குள்ள இன்னும் கீதுக்கா. நேத்துதான் தெரிஞ்சிது. மூணு வருஷமா இல்லன்னு நெனச்சிட்டிருந்தேன்."

"உன் பாப்பா மேல ஆணை வெச்சியேடா."

"அவதான் காலைல கேட்டா, அப்பா அடுத்து எப்போன்னு."

"நான் போடமாட்டேன் கஸ்பார். வேலைய விடறேன்," என்றேன்.

"தோ பார்றா," என்றான் சிரித்துக்கொண்டே. அவன் நம்பவில்லை.

போன் அடித்தது. ரெஜினா. பின்னால் ஐஸ் கொட்டுகிற சத்தம் கேட்டது.

"குடுத்துட்டாராக்கா?"

கஸ்பார் என்னைப் பார்த்துக்கொண்டே பால்கோவாவைத் தின்றான். பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"இல்ல ரெஜினா. அடுத்த சண்ட கேக்கறான். நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன். கேக்கமாட்டேன்றான். நான் இந்த வேலைய விடறேன்மா. இனிமே அவனுக்கு நான் ஜோடி எழுதமாட்டேன்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. யாரோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், வரேன் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"நீங்க வுட்டுட்டுப் போனா வேற யாராச்சும் எழுதுவாங்கக்கா. அவங்களுக்கு இவரு தலையப் பத்தி இன்னா தெரியும்? பெரிய பெரிய பையனுங்களா போட்டுடுவாங்க. வாணாக்கா. நீங்க போவாதீங்க. நீங்களே இருந்து, மெதுவா அடிக்கிறவனா ஒருத்தனப் பாத்துப் போடுங்க."

நான் இயந்திரத்தைத் திறந்தேன். சேனலின் மாப்பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள், எல்லோரும் இருபது இருபத்திரண்டு வயது. அதில் கை பலம் குறைந்தவன் யார் என்று தேட ஆரம்பித்தேன்.

"சரிம்மா," என்றேன் ரெஜினாவிடம். "பாத்துப் போடறேன்."